நாற்பதுக்கு மேல் ஏற்றாத அக்கா

கனடாவில், இந்த மொன்றியலில் என்னிடம் 'இல்லை' என்று சொல்லிவிட்டு அந்தச் சொல்லைக் காப்பாற்றியவர்கள் குறைவு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தால் இன்றைக்கும் மகளிடம்தான் நீட்டுவேன். ஆனாலும் இந்த வாயை வைத்துக்கொண்டே பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கடை, வில்லரேயில் ஒரு கடை, லவாலில் பெரிய கடையும் வீடும் என்று வந்துவிட்டேன். வங்கி மனேஜர் முதலில் மாட்டேன் என்பார். நான் கதிரையை விட்டு எழும்பமாட்டேன். கடைசியில் அவரே பேனையைத் தேடுவார். அப்படிப்பட்ட என்னை ஒரு மனுஷி பலகைப் பாலத்துக்கு முன்னால் மழைக்குள் நிறுத்திவைத்தா. அவவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேரை எழுதமாட்டேன். எழுதினால் அவவுக்குப் பிடிக்காது.

லாஷீன் கால்வாயில் ஒரு பழைய படகு கட்டிக்கிடந்தது. நூறு வருடத்துக்கு முந்தி கோதுமையும் நிலக்கரியும் ஏற்றிய இரும்புப் படகு. கப்பல்கள் அந்த வழியை விட்ட பிறகு துருப்பிடித்துக் கிடந்ததை ஒரு சங்கம் எடுத்துத் திருத்தி, மேலே மரத்தில் ஒரு கூடம் அடித்து, கோடையில் ஞாயிறு பின்னேரங்களில் கச்சேரி வைத்தது. ஒரு கிழமை பிடில், ஒரு கிழமை ஜாஸ், ஒரு கிழமை ஹெய்ட்டிக்காரரின் மேளம். மைக் கிடையாது. வாசிப்பவரின் மூச்சு வாங்குவது கடைசி வாங்குப் பலகையில் இருப்பவருக்கும் கேட்கும். தாடி வைத்த ஒரு கியூபெக்காரர் அதற்குப் பொறுப்பு. எல்லோரும் கப்டன் என்போம்.

அக்கா அங்கே சேர்ந்தது கூட்டித் துடைக்க. நான் போய்ச்சேர்ந்த கோடையில், கரையிலிருந்து படகுக்குப் போட்ட பலகைப் பாலத்தில் நிற்பவர் அவதான். செம்மஞ்சள் மேலங்கி, காலில் ஆண்பிள்ளைச் சப்பாத்து, கொண்டையில் ஒரு பென்சில். என்னிலும் நாலு வயது குறைவாக இருக்கும். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. கப்டனுக்குக்கூட 'அக்கா'தான். அது பேர் என்று அந்த மனிதர் நினைத்திருந்தார்.

நாற்பது பேர். அதுதான் கணக்கு. நாற்பதாவது ஆள் ஏறியதும் பாலத்துக்குக் குறுக்கே கயிற்றை மாட்டிவிட்டு, வெள்ளைக்காரருக்கு 'கொம்ப்ளே' என்பா, எங்களுக்கு 'இடமில்லை' என்பா. இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்லுவா. மன்னிப்பும் கேட்கமாட்டா, முகத்தையும் சுழிக்கமாட்டா.

முதல் நாள் நான் கோயில் தலைவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இருபது நிமிடம் பிந்திவிட்டோம். எங்களுக்கு அது நேரத்துக்கு வந்ததுதான். கயிறு மாட்டியாயிற்று.

"தங்கச்சி, நான் ஆரெண்டு தெரியுமோ? இந்தக் கச்சேரியளுக்குக் காசு தாறவங்களில நானும் ஒருத்தன்."

"தெரியும் அண்ணை. உங்கட கடையிலதான் மீன் வாங்கிறனான். ஐஸ் காணாது, செவுள் கறுத்துப்போய்க் கிடக்கும்."

"உள்ளுக்க ரெண்டு கதிரை சும்மா கிடக்குது, பாருங்கோ."

"கதிரை கிடக்கும். கதிரைக்குப் பாரமில்லை."

"நான் காசு குடுக்கிறன் எண்டு சொல்லுறன்!"

"காசு மிதக்கும் அண்ணை. ஆள் தாழும்."

தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கு இருவரும் கரையில் நின்றே ஒரு மணித்தியாலம் ஜாஸ் கேட்டோம். தலைவருக்கு ஜாஸ் பிடிக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே ஏறியவர்களுக்கும் விடுதலை இல்லை. எங்கள் விழாக்களில் முன்வரிசை யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு முன்வரிசை பின்வரிசை கிடையாது, இடம் வலம் மட்டும்தான். ஆளை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்ப்பா. "நீங்கள் கரைப்பக்கம். நீங்கள் தண்ணிப்பக்கம். உங்கட மனுசி உங்களோட வேண்டாம், அங்கால." கல்யாணமாகி முப்பது வருடமான சோடிகளைப் பிரித்துப் போடுவா. ஒரு நாள் என்னையும் பார்த்தா.

"தொண்ணூற்றி நாலு."

"என்ன?"

"கிலோ. தண்ணிப்பக்கம், மூண்டாவது வாங்கு."

வீட்டில் போய்த் தராசில் ஏறினேன். தொண்ணூற்று மூன்றரை. படகில் சப்பாத்து போட்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சரக்கு ஏற்றிய காலத்தில் அந்தப் படகின் கனம் அடியில் இருந்தது. இப்போது அடி வெறுமை, சனம் முழுக்க மேலே. கப்டன் இதை எனக்கு வரைந்து காட்டினார். அக்காவுக்கு யாரும் வரைந்து காட்டவில்லை. எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். வாங்குகளைத் துடைத்துக்கொண்டே சொன்னா.

"அப்பா சண்டைக் காலத்தில கடலேரியில ஆக்களை ஏத்தி இறக்கினவர். இருபத்தொரு பேர் போற படகு. கரையில இருநூறு பேர் நிப்பினம். இருபத்திரண்டாவது ஆளுக்கு இடமில்லை எண்டு சொல்லுறது நான். பத்து வயசு."

"உங்களை ஏன் சொல்ல விட்டவர்?"

"பெரிய ஆள் சொன்னால் அடிப்பாங்கள். சின்னப் பெட்டையை அடிக்க மாட்டாங்கள் எண்டு."

"அடிக்கேல்லையோ?"

"ரெண்டு மூண்டு பேர் அடிச்சவை," என்றா. துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த வாங்குக்குப் போனா.

இந்த மனுஷி தன் சொந்த மகனையே கரையில் விட்டவ. அவன் ஒட்டாவாவில் வேலை செய்கிறவன். இரண்டு மணித்தியாலம் கார் ஓடித் தாயைப் பார்க்க வந்தவன் நாற்பத்தோராவது ஆளாகப் போய்விட்டான். "அம்மா, நான்தானே," என்றான். "ஓம், நீதான். இடமில்லை," என்றா. தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கயிற்றுக்கு மேலால் நீட்டினா. அவன் கரையில் புல்லில் இருந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டு பிடில் கேட்டான். நான் உள்ளே யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது கூடாத செயலாகப் பட்டது. இப்படி ஒரு கல் நெஞ்சோ என்று மனைவியிடம் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சவாலும் ஏறிவிட்டது. இந்த மனுஷியை நான் ஒருநாள் 'ஓம்' என்று சொல்ல வைக்காமல் விடமாட்டேன்.

அந்த ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குக் கிடைத்தது. கிடைத்தது என்ன, கப்டனிடம் பேசிப் பேசி நான் வாங்கினேன். என் இளைய மகள் சுபா வயலின். தனியாக ஒரு முழுக்கச்சேரி செய்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மிருதங்கத்துக்கு டொராண்டோவிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்தேன். அழைப்பிதழ் நல்ல மட்டையில், தங்க எழுத்தில் அடித்தேன். நாற்பது இடம், ஆகவே நாற்பது அழைப்பிதழ். பெருமையாகக் கணக்குப் பார்த்துத்தான் செய்தேன்.

ஒவ்வொரு அழைப்பிதழிலும் 'குடும்பத்துடன் வருக' என்று அடித்திருந்தது. அச்சகக்காரன் வழக்கமாகப் போடுவது. எனக்கும் அது இல்லாத அழைப்பிதழ் அழைப்பிதழாகத் தெரியாது. மரணச் செய்தியைத் தவிர எதற்கும் நாங்கள் ஒற்றை ஆளை அழைத்ததில்லையே.

மழை. பட்டுச் சேலைகளும் குடைகளுமாகச் சனம் கால்வாய்க் கரையில் வந்து இறங்கியது. நாற்பதில் கயிறு விழுந்தது. கரையில் இன்னும் பதினெட்டுப் பேர். என் மச்சாள், அவவின் மருமகள் வயிற்றுப் பிள்ளையோடு, மாஸ்டரின் வயதான தாய், தலைவர், தலைவரின் சம்பந்தி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மழை தலைவரின் சால்வையில் சொட்டியது.

நான் பாலத்துக்கு வந்தேன்.

"அக்கா, இண்டைக்கு மட்டும்."

"இடமில்லை அண்ணை."

"மழையைப் பாருங்கோ. பிள்ளைத்தாச்சி நனையுது."

"பிள்ளைத்தாச்சியை விடுறன். நீங்கள் இறங்குங்கோ."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் விடவில்லை. மகளின் முதல் கச்சேரி என்றேன். மாஸ்டரின் தாய், ஊரிலிருந்து வந்த கிழவி என்றேன். படகு நூறு வருடம் நின்றது, பதினெட்டுப் பேருக்கா கவிழப்போகுது என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். கடைசியில் குரலை இறக்கி, இது எங்கள் சனத்தின் மானம், வெள்ளைக்காரன் படகில் எங்கள் ஆட்களை நாங்களே மழையில் விடலாமா என்றேன். அவவின் கண் ஒருதரம் கிழவியிடம் போய்வந்தது. நான் அதைக் கண்டேன். வியாபாரிக்கு அது போதும்.

"எது நடந்தாலும் என்ர பொறுப்பு," என்றேன்.

"உங்கட பொறுப்போ?"

"என்ர பொறுப்பு. கப்டனிட்ட நான் சொல்லுவன்."

அவ நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தா. கயிற்றின் கொளுவியைக் கழற்றினா. "ஓம்," என்றா. "ஆனால் ஒருதரும் எழும்பப்படாது. தேத்தண்ணி மேசை கரையில."

எனக்குள் ஒரு வெற்றி முரசு. தேத்தண்ணி மேசையை மழைக்குள் எப்படிக் கரையில் வைப்பது? அவ கிழவியைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இரண்டு பெரிய தேத்தண்ணிக் கொதிகலன்களையும் வடைத் தட்டுகளையும் உள்ளே எடுத்துவந்து, தண்ணிப்பக்கச் சுவரோரம் வைத்துவிட்டேன். அங்கேதான் இடம் இருந்தது.

சுபா நன்றாக வாசித்தாள். தகப்பன் என்பதால் சொல்லவில்லை. தலைவரே ஒரு இடத்தில் கண்ணை மூடினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரும் அசையவில்லை. அக்கா வாசலில் நின்றபடி கூரையில் தொங்கிய சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தா. கோபம் என்று நினைத்தேன். இல்லை, விளக்கு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்த்திருக்கிறா.

பிறகு சுபா வில்லை இறக்கி மடியில் வைத்தாள். மாஸ்டர் மிருதங்கத்தைத் தனியாக எடுத்தார்.

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மிருதங்கம் தனியாகத் தொடங்கினால் எங்களுக்கு அது இடைவேளை. ஒரு வாங்கு எழுந்தது, பார்த்து அடுத்த வாங்கு எழுந்தது. முப்பது பேர் சேலையைச் சரிசெய்துகொண்டு வடைக்குப் போனார்கள். எல்லோரும் தண்ணிப்பக்கம்.

படகு மெல்லச் சாய்ந்தது. யாரோ தோளில் கைவைத்து அழுத்துவதுபோல. அழுத்தியது நிற்கவில்லை. கரைப்பக்கத்தில் பலகைப் பாலம் வழுகித் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. யன்னல் விளிம்புக்குக் கீழே இருந்த வடிகால் துளையால் கால்வாய்த் தண்ணீர் உள்ளே பீறிட்டது. தட்டுகள் சரிந்தன. கொதிகலன் ஒன்று மேசையில் நகரத் தொடங்கியது. அதற்கு நேரே மாஸ்டரின் தாய். நான் பாய்ந்து, வலது கையில் கைக்குட்டையைச் சுற்றி அதைப் பிடித்து நிறுத்தினேன்.

ஒரு பெண் வீரிட்டாள். அடுத்த நொடி எல்லோரும் கரைப்பக்கம் ஓடியிருப்பார்கள். ஓடியிருந்தால் படகு மற்றப்பக்கம் புரண்டிருக்கும். இதைப் பிறகு கப்டன் சொன்னார்.

அக்கா கத்தவில்லை. நேரே மாஸ்டரிடம் போனா.

"நிப்பாட்டாதேங்கோ மாஸ்டர். நிப்பாட்டினால் சனம் ஓடும். மெல்ல வாசியுங்கோ. பிள்ளை, நீ தாளம் போடு. எல்லாரும் பாக்கிற மாதிரிப் போடு."

மாஸ்டரின் முகம் சாம்பல். ஆனால் விரல்கள் நிற்கவில்லை. என் மகள் கையை உயர்த்தித் தாளம் போட்டாள். தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

"நிக்கிற ஆக்கள் நிண்ட இடத்தில இருங்கோ. நிலத்தில. சீலை நனையட்டும்."

இருந்தார்கள்.

"பச்சைச் சீலை, நீங்கள் மட்டும் எழும்புங்கோ. மெல்ல. நடுவில வந்து இருங்கோ. தலைவர் ஐயா, நீங்கள். தவண்டு வாங்கோ."

"தவழுறதோ?"

"ஓம் ஐயா, பிள்ளை மாதிரி."

கோயில் தலைவர் பட்டு வேட்டியோடு தவழ்ந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. கனத்த ஆட்கள் முதலில், ஒருவர் நடுவுக்கு, ஒருவர் கரைப்பக்கத்துக்கு என்று அவ கையால் காட்டிக் காட்டி நகர்த்தினா. இரண்டு பேர் ஒன்றாக எழும்பினால் ஒருவரை இருத்துவா. தண்ணீர் என் கணுக்காலுக்கு வந்தது. கொதிகலனின் சூடு கைக்குட்டையைத் தாண்டி உள்ளங்கையில் ஏறியது.

"அக்கா, என்ர கை எரியுது."

"நீங்கள் கடைசி அண்ணை. பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்தப் பெருமையையும் நீங்கள் நம்பாமல் விடலாம், இதை நம்புங்கள். மாஸ்டர் எவ்வளவு நேரம் வாசித்தார் என்று தெரியாது. தண்ணீர் துளையால் வருவது குறைந்தது, பிறகு நின்றது. படகு நிமிர்ந்தது.

கரையில் ஓர் அலுவலகக் கொட்டிலில் இருந்த கப்டன் ஏணியும் பலகையுமாக ஓடிவந்தார். நாலு நாலு பேராக இறக்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. என் கையைத் தவிர. யாரோ ஐஸ் வாளி கொண்டுவந்தார்கள். நான் கையை அதற்குள் விட்டுக்கொண்டு நிற்க, சுற்றி நின்றவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். கொதிகலனை மட்டும் விட்டிருந்தால் கிழவியின் கதி என்ன என்றார்கள். தலைவர் தன் ஈரச் சால்வையை எனக்குப் போர்த்தினார்.

மூன்றடி தள்ளிக் கப்டன் அக்காவிடம் பிரெஞ்சில் கேட்டார். எத்தனை பேர்? ஐம்பத்தெட்டு என்றா. கப்டன் தொப்பியைக் கழற்றினார். யார் ஏற்றியது?

அவ்வளவு பிரெஞ்சு எனக்குத் தெரியும்.

அவ என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். எனக்கு நேரம் இருந்தது. வாயைத் திறந்தேன். சால்வை தோளில் கிடந்தது. தலைவர் பக்கத்தில் நின்றார். வாயை மூடினேன்.

"முவா," என்றா அக்கா. நான்தான்.

செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றி, மடித்து, ஏணிப்படியில் வைத்துவிட்டுப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தா.

லவாலில் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது சுபா சொன்னாள்: "அப்பா, நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

நாலு நாள் பொறுத்தேன். வியாழக்கிழமை அவளையே மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு கப்டனிடம் போனேன். அழைப்பிதழ், பதினெட்டுப் பேர், தேத்தண்ணி மேசை, பொறுப்பு என்று சொன்ன வாய், எல்லாம் சொன்னேன். நான் இடையில் கொஞ்சம் பூசி மெழுகப் பார்த்தேன். என்னவோ, சுபாவின் பிரெஞ்சு நான் பேசியதைவிடச் சின்னதாக இருந்தது. கப்டன் கேட்டுவிட்டு, தான் அக்காவைப் போகச் சொல்லவில்லை, இரண்டு தரம் ஃபோன் எடுத்தும் வரமாட்டேன் என்கிறா, உன்னால் முடிந்தால் கூட்டிக்கொண்டு வா என்றார்.

என்னால் முடியாததா? அன்றைக்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் அவவின் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டா. தேத்தண்ணி தந்தா. ஆற்றித் தந்தா, இடது கையால் பிடிக்க வசதியாகக் காதுள்ள கோப்பையில்.

மன்னிப்புக் கேட்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பிறகு எனக்குப் பழக்கமான வேலையைத் தொடங்கினேன். கப்டன் காத்திருக்கிறார் என்றேன். நீங்கள் இல்லாவிட்டால் படகை மூடிவிடுவார்கள் என்றேன். ஐம்பத்தெட்டு உயிரைக் காப்பாற்றியவர் நீங்கள், எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன், தலைவரிடமும் சொன்னேன் என்றேன். அது உண்மை, வரும் வழியிலேயே ஃபோனில் சொல்லியிருந்தேன். தலைவர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஒரு மணித்தியாலம் பேசியிருப்பேன். அவ என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தா.

"பிழை முழுக்க என்ர. நீங்கள் ஏன் போகோணும்?"

"நீங்கள் கேட்டனீங்கள். எல்லாரும் கேக்கிறவைதான். அது பிழையில்லை அண்ணை."

"அப்ப?"

"நான் ஓம் எண்டனான். அதுதான் பிழை."

"ஒருநாள், ஒரே ஒருநாள். மனுசர்தானே நாங்கள்."

"ஒருக்கா ஓம் எண்டு சொன்ன ஆள் அந்தப் பாலத்தில நிக்கேலாது. இனி ஆரும் வந்து மழையெண்டால், கிழவியெண்டால், நான் யோசிப்பன்."

"யோசியுங்கோவன். ரெண்டு நாள் யோசிச்சிட்டுச் சொல்லுங்கோ, நான் பேந்து வாறன்."

அவ எழுந்து என் கோப்பையை வாங்கினா.

"யோசிச்சுத்தான் அண்டைக்கு ஓம் எண்டனான். அது யோசிக்கிற வேலை இல்லை அண்ணை. போயிட்டு வாங்கோ."

கதவைத் திறந்து பிடித்தா. நான் கதிரையை விட்டு எழும்பினேன்.